லென்ஸ் என்னிடம், கெமரா எதிர்க்கடையில்

போன மாதம் உங்களில் மூன்று பேர், தனித்தனியாக, ஒரே கேள்வியோடு என் வீட்டுப் படியேறி வந்தீர்கள். "அங்கிள், பழைய லென்ஸ் ரெண்டு கெடச்சிருக்கு. அதுக்குப் பொருந்துற மாதிரி ஃபிலிம் கெமரா பாடி ஒண்ணு, வெல கொறஞ்சதா, எதை வாங்கலாம்?" மூன்று பேருக்கும் தேத்தண்ணி கொடுத்து, யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன். உள்ளே வந்தால் என் வீட்டுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். "போயும் போயும் ஒங்ககிட்ட வந்து கேக்குதுங்களே, பாவம்" என்றாள்.

அவள் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. பதுளை பஸாரில் இருபத்தைந்து வருடம் ஸ்டூடியோ வைத்திருந்தவன் நான். ஆனால் போன வருடம் ஒரே மாதத்தில் இரண்டு பாடி வாங்கி இரண்டிலும் ஏமாந்தவனும் நான்தான். எல்லவில் ஜோடிகளைப் பாலத்தில் நிறுத்திப் படம் எடுக்கிற நீங்கள் அந்த இரண்டையும் வாங்கிவிடக் கூடாது. அதற்காகத்தான் வெட்கத்தை விட்டு இதைச் சொல்கிறேன்.

என்னிடம் மூன்று லென்ஸ்கள் உண்டு. மூன்றும் திருகி மாட்டுகிற வகை. ஜெர்மன்காரன், ரஷ்யாக்காரன், ஜப்பான்காரன் எல்லாருமே ஒரு காலத்தில் இந்த அளவுத் திருகில்தான் கெமரா செய்தார்கள். ஆகவே உலகத்தில் எங்கேயாவது ஒரு பாடி நமக்காகக் காத்திருக்கும் என்ற தைரியம் திருகு லென்ஸ்காரனுக்கு எப்போதும் உண்டு. என் சொந்த பாடி நான் கடையை மூடிய வருடமே உயிரை விட்டது. லென்ஸ்களை மட்டும் சின்ன பல்பு எரிகிற தகரப் பெட்டிக்குள் வைத்துப் பச்சைக் குழந்தைகளைப் போலப் பார்த்துக்கொண்டேன். நம் மலை ஈரத்தில் கண்ணாடிக்குள் பூஞ்சணம் வந்தால் பிறகு படம் எடுத்தால் பனிமூட்டத்தில் எடுத்தது போலத்தான் இருக்கும்.

அப்படியிருக்கும்போதுதான் என் தங்கச்சி மகள் வந்தாள். தெமோதரைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலையில் டீச்சர். கல்யாணம் நிச்சயமாகிவிட்டது.

"மாமா, எனக்கு ஆல்பம் எல்லாம் பெரிசில்ல. மாப்பிள்ள வீட்டுல டிஜிட்டல் ஆளு வருவாங்க. ஒங்க பழைய லென்ஸ்ல, ஃபிலிம்ல, அம்மாவையும் அப்பாவையும் மாலையோட ஒரு படம் எடுத்துத் தரணும். அம்மா கல்யாணத்துக்குத்தான் ஒரு படமும் இல்லையே."

"அதுக்கென்னம்மா, எடுத்துட்டாப் போச்சு" என்றேன். கையில் பாடி இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. ஏன் வரவில்லை என்றால், தங்கச்சி கல்யாணத்துக்குப் படம் இல்லாமல் போனதற்குக் காரணமே நான்தான்.

அப்போது எனக்குத் தொழில் ஒரு வருடம், வாய் பத்து வருடம். தங்கச்சி கல்யாணத்தில் ஓடி ஓடி எடுத்தேன். முப்பத்தாறு படத்து ரோல் நாற்பது போனது, நாற்பத்திரண்டும் போனது. நல்ல கம்பெனி, கூடுதலாகவே வைத்திருக்கிறான் என்று சந்தோஷப்பட்டேன். இப்போது சிரிக்கிறீர்கள் அல்லவா? ஃபிலிமின் நுனி உள்ளே உருளையில் மாட்டவே இல்லை. தாலி கட்டியது, அரிசி போட்டது, அப்பா அழுதது எல்லாம் வெறும் சத்தத்தோடு போய்விட்டன.

அப்போது என்னிடம் இருட்டறை கிடையாது. என் கடைக்கு நேர் எதிரே ஸ்டூடியோ வைத்திருந்தவரிடம்தான், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், ரோலைக் கழுவக் கொடுப்பேன். யாழ்ப்பாணத்திலிருந்து இளவயதில் பதுளைக்கு வந்தவர். நாற்பது வருடம் நம்மோடு இருந்தும் 'ஆமாங்க' என்று ஒருநாளும் சொன்னதில்லை, 'ஓம்'தான். அவர் ரோலை மருந்தில் கழுவிப் பார்த்திருக்கிறார். ஒரு உருவமும் இல்லாமல் துடைத்த கண்ணாடி போல இருந்திருக்கிறது. படம் வாங்க என் அப்பாவே என்னையும் கூட்டிக்கொண்டு நேரில் போய் நின்றார். என்னை நடுத்தெருவில் வைத்து அறைகிற மனுஷர் அவர். அண்ணன் என்னை ஒருதடவை பார்த்தார். பிறகு அப்பாவிடம், "என்ர மருந்து பழுதாப்போச்சு ஐயா. பிழை என்னில" என்றார்.

அப்பா போன பிறகு என்னிடம் ஒரே ஒரு விஷயம்தான் சொன்னார். "பிலிமைச் சுத்தேக்க மற்றப் பக்கத்துக் குமிழும் சுத்துதோ எண்டு பாரும். சுத்தேல்லை எண்டால் பிலிம் ஓடேல்லை."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் அவர் பெயர் 'மருந்து கெட்ட கடைக்காரர்'. தங்கச்சி பஸாருக்கு வந்தால் அந்தக் கடைப் பக்கம் திரும்பியும் பார்க்க மாட்டாள். நானும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று முப்பது வருடம் ஓடிவிட்டது.

சரி, பாடிக்கு வருகிறேன்.

முதலாவது எல்லவில் ஒரு கோப்பிக் கடையில் கிடைத்தது. அலங்காரத்துக்கு வைத்திருந்தார்கள், பக்கத்தில் பழைய ரேடியோவும் தையல் மெஷினும். கடைக்காரப் பையன் தலைமுடியை உச்சியில் கொண்டை போட்டிருந்தான். "வேர்க்கிங் கண்டிஷன் அங்கிள், க்ளிக் பண்ணிப் பாருங்க" என்றான். க்ளிக் பண்ணினேன். சத்தம் கேட்டுத்தான் நான் கெமரா வாங்குவேன் என்று உங்களிடம் எத்தனையோ தடவை பெருமை அடித்திருக்கிறேன் அல்லவா? அருமையான சத்தம். பின்கதவைத் திறந்தேன். வெளிச்சம் புகாமல் ஒட்டியிருக்கிற நுரைப்பட்டை உருகி, தொதல் இனிப்பு போல விரலில் ஒட்டியது. அது பெரிய விஷயமில்லை, வெல்வெட் நாடா வெட்டி ஒட்டிக்கொள்ளலாம். என் லென்ஸைத் திருகினேன், கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. பேரம் பேசக்கூட மறந்து வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

வீட்டுக்குக் கீழே என் பழைய கடையை வாடகைக்கு எடுத்துப் போன் ரீலோட் கடை நடத்துகிற குடும்பம் இருக்கிறது. பதினொரு பேரையும் மூன்று வரிசையாக நிறுத்திச் சோதனைக்கு ஒரு ரோல் எடுத்தேன். கழுவி வந்தால், நடு வரிசையில் இருந்த மாமியார் மட்டும் தெளிவு. முன்வரிசைப் பிள்ளைகளும் பின்வரிசை ஆண்களும் கலங்கிப் போய்ப் பேய்க்கூட்டம் போல நின்றார்கள். மாமியாருக்கு அந்தப் படம் ரொம்பப் பிடித்துவிட்டது. பெரிதாக்கி மாட்டிவைத்திருக்கிறார். மருமகள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

விஷயம் இதுதான். என் லென்ஸின் பின்பக்கம் சின்ன ஊசி ஒன்று உண்டு. படம் எடுக்கிற கணத்தில் பாடி அந்த ஊசியை உள்ளே தள்ள வேண்டும். தள்ளினால்தான் லென்ஸ் நாம் வைத்த அளவுக்குச் சுருங்கும். நான் வாங்கியது அதைவிடப் பழைய பாடி, அதற்கு ஊசி தள்ளவே தெரியாது. திருகு பொருந்தியது, லென்ஸ் கண்ணை அகல விரித்தபடியே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஆகவே தம்பிகளே, தங்கச்சிகளே, லென்ஸ் பாடியில் உட்கார்ந்துவிட்டது என்று கண் கலங்காதீர்கள். முன்பக்கமாகப் பார்த்துக்கொண்டு க்ளிக் பண்ணுங்கள். உள்ளே தகடுகள் சுருங்குகின்றனவா என்று பாருங்கள். ஒரு நிமிட வேலை. எனக்குத் தெரியாத விஷயமுமில்லை. ஆசை வந்தால் தெரிந்ததும் மறந்துபோகிறது.

இரண்டாவது பாடியை பஸ் நிலையத்தில் வாங்கினேன். வெலிமடைப் பக்கத்துக்காரர், மரக்கறி லொறி ஓட்டுகிறவர். அவருடைய சித்தப்பா வைத்திருந்த கெமராவாம். உச்சி வெயில். இந்தத் தடவை நான் விடவில்லை. ஊசியைப் பார்த்தேன், தள்ளியது. பின்கதவைத் திறந்து வானத்துக்குப் பிடித்து ஷட்டர் துணியில் ஓட்டை இருக்கிறதா பார்த்தேன், இல்லை. ஷட்டர் வேகத்தை ஒரு செக்கனில் வைத்து அழுத்தினேன், ஒரு செக்கன்தான் எடுத்தது. கெமராவும் புதுத் தாலி போல மினுங்கியது. ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. தலைவாரி முடித்த வீட்டு வாசம் அடித்தது.

"என்னங்க வாசம் இது?"

"சும்மா கெடந்துச்சுங்க, இறுகிப் போச்சு. அதான் நல்லா சுத்தம் பண்ணி எண்ண போட்டுக் குடுத்திருக்கேன்."

"என்ன எண்ண?"

"நல்ல தேங்கா எண்ணதாங்க. எங்க தோட்டத்து வழியா வாற சுத்தமான எண்ண. கலப்படமே இல்ல" என்றார். கையில் அடித்துச் சத்தியம் வேறு செய்தார்.

பொய் சொல்லவில்லை மனுஷர். கலப்படமே இல்லைதான். நான்தான் அதைக் கேட்டும் வாங்கினேன். வேலை செய்கிறதே, எண்ணெய் எதுவானால் என்ன என்று நினைத்தேன்.

அடுத்த ஞாயிறு கெமராவை எடுத்துக்கொண்டு காலை பஸ்ஸில் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். தோட்டத்தின் மேல் டிவிஷன், காலை ஏழு மணி, மூச்சு விட்டால் புகை வருகிற குளிர். கல்யாணம் நடக்கப்போகிற கோயில் மண்டபத்தில் தங்கச்சியை நிறுத்தி ஒரு வெள்ளோட்டம் பார்க்கலாம் என்று அழுத்தினேன். 'க்ள்' என்றது. 'இக்' வரவில்லை. உங்கள் வீட்டுச் சமையலறையில் காலையில் தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கவிழ்த்துப் பாருங்கள், என்ன நடந்திருக்கும் என்று தெரியும். ஷட்டர் திறந்தபடியே உறைந்து நின்றுவிட்டது. தங்கச்சி பத்து நிமிடம் சிரித்த முகத்தோடே நின்றாள். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "எடுத்தாச்சா அண்ணே?" என்றாள்.

கெமராவை அடுப்பங்கரைக்குக் கொண்டுபோய்ச் சூடு காட்டினேன். 'இக்' என்றது. முற்றத்துக்குக் கொண்டுவந்தேன். மறுபடி உறைந்தது. முகூர்த்தமோ காலை ஏழரை. மதியம் மட்டும் வேலை செய்கிற கெமராவை வைத்துக்கொண்டு என்ன பண்ண?

தங்கச்சி ஒன்றும் கோபப்படவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "பரவால்ல அண்ணே. எனக்குத்தான் போட்டோ யோகம் இல்ல போல. அன்னைக்கு அந்தாளு மருந்து கெட்டுச்சு, இன்னைக்கு கெமரா கெட்டுச்சு" என்று சொல்லிவிட்டு எனக்கு ரொட்டி சுடப் போனாள்.

ஒன்று மட்டும் இங்கே சொல்லிவைக்கிறேன். கெமராவை எந்த இடத்தில், எந்த நேரத்தில் பயன்படுத்தப் போகிறீர்களோ அங்கே வைத்துச் சோதியுங்கள். பதுளை வெயிலில் நல்லவனாக இருப்பது யாருக்கும் சுலபம்.

கல்யாணத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. மாடி ஜன்னலோரம் உட்கார்ந்து தலையில் கை வைத்திருந்தேன். வீட்டுக்காரி தேத்தண்ணியை வைத்துவிட்டு ஜன்னலால் கையை நீட்டினாள்.

"அந்தா எதிர்ல கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்கிறது என்ன, பாவக்காயா?"

எதிர்க்கடை இப்போது போட்டோக்கொப்பிக் கடை. அண்ணனின் மருமகன் நடத்துகிறார். முன்னால் கண்ணாடிப் பெட்டியில் அண்ணனுடைய பழைய கெமரா, லென்ஸ் இல்லாமல், மூடி போட்டபடி இருக்கிறது. திருகு மவுண்ட். ஊசி தள்ளுகிற வகை. அவர் கையாலேயே துடைத்துப் பராமரித்தது. பதினொரு வருடமாகத் தினமும் என் ஜன்னலுக்கு நேரே இருந்தது. நான் பார்க்காமல் இல்லை, பார்க்க விரும்பவில்லை.

அதில் ஏன் லென்ஸ் இல்லை என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். பதினொரு வருடத்துக்கு முன் அவருடைய முகப்பட லென்ஸை ஒரு வாரத்துக்கு என்று இரவல் வாங்கினேன். மழைக்காலம். என்னிடம் இருந்த அழகான தோல் உறைக்குள் பத்திரமாகப் போட்டுவைத்தேன். மூன்று மாதம் கழித்துக் கொடுத்தேன். தோல் உறை ஈரத்தைக் குடித்து உள்ளே வைத்துக்கொள்ளும் என்று அப்போதே தெரியும். ஏதோ சோம்பல். கொஞ்ச நாளில் அவர் எடுக்கிற படங்கள் மங்கலாக வரத் தொடங்கின. தேத்தண்ணிக் கடையில் கோயில் கமிட்டிக்காரர்கள் அதைப் பற்றிப் பேசியபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "அவர் லென்ஸ்ல பூஞ்சணமுங்க" என்றேன். அந்த வருடத் திருவிழாப் படம் எடுக்கிற வேலை என் கைக்கு வந்தது. அன்றிலிருந்து அவர் என்னோடு பேசவில்லை. அந்த லென்ஸை வீசிவிட்டார், கெமராவைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துவிட்டார்.

"போய்க் கேளுங்க" என்றாள் வீட்டுக்காரி. "வெறுங்கையோட போகாதீங்க. கல்யாணத்துக்குச் சொல்ற மாதிரி, தட்டுல வெத்தல பாக்கு, கார்டு வச்சு எடுத்துட்டுப் போங்க."

"தொரத்திட்டா?"

"ரோட்டத்தான் தாண்டணும். தொரத்துனா திரும்பி வர எவ்வளவு நேரம் ஆகும்?"

தட்டோடு போய் நின்றேன். அண்ணன் போட்டோக்கொப்பி மெஷின் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். காது கேட்கிற மெஷின் மாட்டியிருந்தார். கார்டை எடுத்து மூன்று தடவை படித்தார்.

"கலியாணத்துக்கு மட்டுமோ வந்தனீர்?"

"அந்தப் பெட்டில இருக்கிற கெமரா... விப்பீங்களாண்ணே?"

"விக்கிறேல்லை."

"அப்ப ஒருநாளைக்கு இரவலா..."

"இரவலோ!" என்றார். கடையில் நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். "ஒருக்கா இரவல் தந்தனான். திரும்பி வந்தது லென்ஸ் இல்லை, காளான் தோட்டம்."

நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தங்கச்சிக்கு ஒரு படம் எடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். அவர் கண்ணாடிப் பெட்டியைப் பார்த்தார்.

"கெமரா தனிய வராது. நானும் வருவன். பிலிம் நான்தான் போடுவன். நீர் தொடக்கூடாது."

கல்யாணத்தன்று தெமோதரை பஸ்ஸில் அவர் முன் சீட்டில், நான் மூன்று சீட் தள்ளிப் பின்னால். பாடி அவர் மடியில், லென்ஸ் என் மடியில். என் வீட்டுக்காரி நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தாள்.

மண்டப வாசலில்தான் லென்ஸும் பாடியும் சேர்ந்தன. அவரே ஃபிலிமை மாட்டி, இரண்டு தடவை சுற்றி, மறுபக்கத்துக் குமிழ் சுழல்வதை என் மூக்குக்கு நேரே காட்டினார். அதன் பிறகு ஒவ்வொரு படத்துக்கும் என் தோளை ஒட்டி நின்று அந்தக் குமிழையே பார்த்துக்கொண்டிருந்தார். தாலி கட்டுவதை எல்லாரும் பார்த்தார்கள், அவர் குமிழைப் பார்த்தார்.

அந்த வகைக் கெமராவுக்கு வெளிச்சம் அளக்கிற மீட்டரை நிறுத்துகிற சுவிட்ச் கிடையாது. லென்ஸ் மூடியைப் போட்டால்தான் மீட்டர் தூங்கும். நான் காலைச் சாப்பாட்டுக்குப் போகும்போது மூடியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கெமராவை ஜன்னலோர மேசையில் வைத்துவிட்டுப் போனேன். தோசை நன்றாக இருந்தது, நாலு சாப்பிட்டேன். திரும்பி வந்து, தங்கச்சியையும் மச்சானையும் மாலை போட்டு நிறுத்தி, மீட்டரைப் பார்த்தால் முள் செத்துக் கிடக்கிறது. பேட்டரி காலி.

மீட்டர் இல்லாமல் இருபத்தைந்து வருடம் கண்ணாலேயே வெளிச்சம் அளந்தவன் நான். ஆனால் எனக்குக் கண்புரை ஆபரேஷன் முடிந்து நாலு மாதம். அதன் பிறகு உலகமே எனக்கு ஒரு பங்கு கூடுதல் வெளிச்சம். என் கண்ணை நானே நம்புவதில்லை. வெளியே பனி வேறு இறங்கி ஏறி விளையாடுகிறது. போனில் அதற்கு ஆப் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறதாம். எனக்கு அது தெரியவந்தபோது கல்யாணம் முடிந்து மூன்று வாரம்.

"அண்ணே, பேட்டரி..." என்று அவரைப் பார்த்தேன். ஏசப்போகிறார் என்று நினைத்தேன். அவர் காது மெஷினைக் கழற்றினார். நகத்தால் அதன் சின்னக் கதவைத் திறந்தார். பேட்டரியை எடுத்தார். பழைய கெமராவுக்கு வேண்டிய பாதரச பேட்டரி இப்போது எங்குமே கிடைக்காது, காது மெஷின் பேட்டரிதான் கிட்டத்தட்ட அதே வலு. அளவுதான் கொஞ்சம் சின்னது. அதற்காக ஒரு ரப்பர் வளையத்தையும் அவர் சட்டைப் பையில் கொண்டுவந்திருந்தார். போட்டு மூடினார். முள் துள்ளி எழுந்தது.

அதோடு அவருக்குக் காது போய்விட்டது. யார் என்ன கேட்டாலும் சிரித்துத் தலையாட்டினார். பாயசம் கொண்டுவந்தவர்களிடமும் ஆட்டினார், மூன்று கப் கையில் வந்துவிட்டது. சீனி வியாதிக்காரர். என் வீட்டுக்காரிதான் ஓடிப்போய்ப் பிடுங்கினாள்.

இரண்டு பேரையும் நிறுத்தி, நான் குனிந்து பார்க்கிறேன். தங்கச்சி அவரைக் காட்டி, சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்:

"அண்ணே, இந்தத் தடவையாவது மருந்து கெடாமப் பாத்துக்கச் சொல்லுங்க அவர."

சுற்றி நின்ற சொந்தக்காரர்கள் எல்லாம் சிரித்தார்கள். அவரும் சிரித்து, அவளுக்குத் தலையாட்டினார்.

எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. கெமராவை இறக்கினேன்.

"அவரு மருந்து கெடலம்மா" என்றேன். "நான்தான் ஃபிலிம மாட்டல. ஒன் கல்யாணத்துல நான் வெறும் கெமராவ வச்சுக்கிட்டு ஓடித் திரிஞ்சேன். அப்பா அடிப்பாருன்னு அவரு பழிய ஏத்துக்கிட்டாரு. அவரு லென்ஸ்ல பூஞ்சணம் வந்ததும் என்னாலதான். அதையும் ஊரெல்லாம் நான்தான் சொன்னேன்."

நாதஸ்வரக்காரர் கூட வாயிலிருந்து வாத்தியத்தை எடுத்துவிட்டார். எல்லாரும் அண்ணனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. ஏன் இன்னும் எடுக்கவில்லை என்று என்னைப் பார்த்து, குமிழ் நன்றாகச் சுற்றுகிறது, நீர் எடும் என்பது போல விரலைச் சுழற்றிக் காட்டினார்.

தங்கச்சிக்கு முகம் சிவந்துவிட்டது. "அடப்பாவி அண்ணே! முப்பது வருஷமா அந்த மனுசனப் போற வாற எடமெல்லாம் ஏசிக்கிட்டுத் திரிஞ்சேனே!" என்றாள். பிறகு அவர் பக்கம் திரும்பி, கைகூப்பினாள். கண்ணால் தண்ணீர் ஓடியது. அவர் பதறிப்போய், என்ன ஏது என்று தெரியாமல், தானும் கைகூப்பினார். அப்போது அழுத்தினேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கெமராவைத் திறந்து பேட்டரியை எடுத்துக் காதில் போட்டுக்கொண்டார்.

"அங்க என்ன சொன்னனீர்? எல்லாரும் என்னையே பாத்தவை."

ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம். உண்மையைச் சொல்கிறேன், அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. முன் சீட்டிலிருந்து என் வீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். சொன்னேன். மெதுவாகத்தான் சொன்னேன். பஸ் வளைவில் ஹோர்ன் அடித்தது.

"கேக்கேல்லை. பேட்டரி இறங்கிப்போச்சு. பலமாச் சொல்லும்."

"பூஞ்சணம் என்னாலதாண்ணே!" என்று கத்தினேன். பஸ்ஸே திரும்பியது. கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டார். "தோல் உறைக்குள்ள போட்டு வச்சது நான்தான்! மன்னிச்சிருங்க!"

பின் சீட்டில் யாரோ ஒரு அம்மா, "ஐயோ பாவம், என்ன வியாதியோ" என்றார்.

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஒரு வளைவு தாண்டிய பிறகு சொன்னார்: "அது எனக்குத் தெரியும். உமக்குத் தெரியுமோ எண்டுதான் பதினொரு வருசமாப் பாத்துக்கொண்டிருந்தனான்."

ஒரு வாரம் கழித்து எதிர்க்கடையிலிருந்து கை காட்டிக் கூப்பிட்டார். இந்த ரோலையும் அவரேதான் கழுவினார். நெகட்டிவைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தோம். முப்பத்தாறும் இருந்தது. தங்கச்சியின் படத்தில் அவள் கெமராவைப் பார்க்கவில்லை. கைகூப்பியபடி பக்கவாட்டில் பார்க்கிறாள். மச்சான் மட்டும் ஒன்றும் விளங்காமல் நேராகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் எடுத்ததிலேயே நல்ல படம் அது என்று நினைக்கிறேன். தங்கச்சி அதைப் பெரிதாக்கிச் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறாள். இப்போது பஸாருக்கு வந்தால் முதலில் எதிர்க்கடைக்குத்தான் போகிறாள்.

அன்று நான் கிளம்பும்போது, திருகிக் கழற்றிக்கொள்ளலாம் என்று என் லென்ஸில் கை வைத்தேன். அண்ணன் கையைத் தட்டிவிட்டார். கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, "அங்க கிடந்து என்ன செய்யப் போகுது" என்று லென்ஸோடேயே கெமராவை என் கையில் வைத்தார். படியிறங்கும்போதுதான் பின்னால் குரல் கேட்டது.

"தோல் உறைக்குள்ள மட்டும் வைக்காதேயும்."